சேதாரம் இல்லாத சங்கிலி

"வாயைக் கொஞ்சம் திறங்க," என்றார் ஸ்டீபன்ராஜ்.

ரங்கசாமி ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஸ்ரீரங்கம் அடையவளைஞ்சான் வீதியில் இருக்கும் அவருடைய வெள்ளிப் பட்டறைக்கு எத்தனையோ சந்தேகப் பிராணிகள் வந்ததுண்டு. தராசைத் தட்டிப் பார்ப்பார்கள். ஃபேனை நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் வாயைத் திறக்கச் சொன்னவர் இவர்தான் முதல்.

"எதுக்குங்க சார்?"

"ரெண்டு கிராம் குறையுது. உங்க கையில இல்ல, மடியில இல்ல, தரையில இல்ல. அப்ப வேற எங்க இருக்கும்?"

"அது அழுக்குங்க சார். பழைய கொலுசு. சலங்கைக்குள்ள மண்ணு, இடுக்குல எண்ணெய்ப் பிசுக்கு. உருக்கினா அதெல்லாம் எரிஞ்சு போகத்தான் செய்யும்."

"எங்க அம்மா கால் அழுக்குங்கறீங்களா?"

"ஐயையோ, நான் அப்படிச் சொல்லலீங்க!" என்று பதறிய வேகத்தில் ரங்கசாமியின் வாய் தானாகவே திறந்துகொண்டது. உள்ளே வெற்றிலை மட்டும்தான் இருந்தது. அதையும் துப்பச் சொல்லி, குனிந்து பார்த்த பிறகுதான் ஸ்டீபன்ராஜ் உட்கார்ந்தார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தணிக்கைத் துறையில் வேலை. ஊரெல்லாம் சுற்றி, யார் எங்கே எதை அமுக்கினார்கள் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளமே. அந்தப் பழக்கம் ஆபீஸோடு நிற்காமல் கூடவே வீட்டுக்கும் வந்துவிட்டது. இட்லிக்கு மாவு அரைத்தால்கூட அரிசி எவ்வளவு, மாவு எவ்வளவு என்று கேட்கிற மனுஷன்.

ஆனால் இந்த விஷயத்தில் அவருடைய பயத்துக்கு நிஜமாகவே காரணம் இருந்தது. போன வருஷம் அம்மா இறந்ததும், நகையைப் பிரிப்பதில் அவருக்கும் தங்கை லிசிக்கும் சண்டை வந்து பேச்சுவார்த்தையே நின்றுபோனது. லிசிக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் சமாதானம். மிச்சமிருந்த அம்மாவின் வெள்ளிக் கொலுசை அப்படியே உருக்கி, குழந்தையின் ஞானஸ்நானத்துக்குத் தாய்மாமன் சீராக அரைஞாண் சங்கிலி செய்து போடுவது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

லிசி வீட்டில் கேக் செய்து விற்கிறாள். கொலுசைக் கொடுக்கும் முன்னால், மைதா நிறுக்கும் தராசில் வைத்து எடை பார்த்து போட்டோவும் எடுத்துக்கொண்டாள்.

"சும்மா ஒரு ஞாபகத்துக்குத்தாண்ணே," என்று சிரித்தாள். "ஆனா ஒரு பொட்டுக் குறையக் கூடாது."

அண்ணனுக்கு ஏற்ற தங்கை. அந்தச் சிரிப்பின் அர்த்தம் ஸ்டீபன்ராஜுக்குத் தெரியாதா? எடை குறைந்தால், அண்ணன் மறுபடியும் அமுக்கிவிட்டான் என்பாள். ஆறு மாதம் கழித்துக் கிடைத்த தங்கை மறுபடி போய்விடுவாள். அந்தக் குழந்தையை இனி கண்ணால் பார்க்க முடியாது.

"சரி, சங்கிலி பண்ண எவ்வளவு சேதாரம் ஆகும்?" என்று கேட்டார்.

"வளையம் வளையமா அறுக்கணும், அரம் போடணும், பத்த வைக்கணும். தூளாப் போறது கொஞ்சம் இருக்கத்தாங்க செய்யும்."

"அந்தத் தூள் எங்க போகும்?"

"தூளுங்க சார். தூளாப் போகும்."

"தூளாப் போறதுல எத்தனை பேரு வீடு கட்டியிருக்கான்னு எனக்குத் தெரியும். நீங்க கம்பியா மட்டும் இழுத்துக் குடுங்க. சங்கிலியை நானே பண்ணிக்கறேன்."

ரங்கசாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். "சங்கிலி கோக்கறது பூக் கட்டற மாதிரி இல்லீங்களே சார்."

"வீடியோ இருக்கு," என்றார் ஸ்டீபன்ராஜ்.

அதற்கு மேல் ரங்கசாமி என்ன சொல்வார்? வெள்ளியை நீட்டித் தட்டி, ஓட்டைகள் போட்ட இரும்புப் பட்டையில் பெரிய ஓட்டையிலிருந்து சின்ன ஓட்டை வரைக்கும் வரிசையாக இழுத்துக் கம்பியாக்கிக் கொடுத்தார். அவர் ஒரு முனையை இழுக்க, இன்னொரு முனையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார் ஸ்டீபன்ராஜ். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தூக்கத்தில் தோளில் சாய்ந்தார். பையைத்தான் குறிவைக்கிறார் என்று இவர் எழுந்து நின்றே தென்னூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசை பட்டறையாகிவிட்டது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார் ஸ்டீபன்ராஜ். கிழிந்த குடையிலிருந்து ஒரு கம்பியை உருவி, வெள்ளிக் கம்பியை அதன்மேல் நெருக்கமாகச் சுற்றினார். மெல்லிய ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தால் ஒவ்வொரு சுற்றும் ஒரு வளையமாகக் கழன்று விழ வேண்டும். வீடியோவில் அப்படித்தான் விழுந்தது. இவர் அறுத்ததில் சில விழுந்தன, சில பறந்தன. விழுந்தவற்றிலும் ஒன்று உருண்டை, ஒன்று நீட்டம், ஒன்று எதிலும் சேர்த்தியில்லை.

ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி பெலிண்டா எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, முறுக்கு புழிஞ்சு வெச்ச மாதிரி இருக்கு?"

"கைவேலைன்னா அப்படித்தான் இருக்கும். மிஷின்ல பண்ணினாத்தான் ஒரே மாதிரி வரும்."

வளையங்களை ஒரு டப்பாவில் போட்டு மேசைமேலேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வந்து எண்ணினார். கம்பியின் நீளத்துக்கு வந்திருக்க வேண்டிய வளையங்களில் ஏழெட்டு இல்லை!

அந்த நேரத்தில் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் பொன்னுத்தாய். பல வருஷமாக அந்த வீட்டில் வேலை செய்கிறவள். பீரோ சாவியை மேசையில் போட்டுவிட்டுப் போனால், அதைத் துடைத்து ஆணியில் மாட்டிவைப்பாள்.

"பொன்னுத்தாயி, அந்தக் குப்பையை இங்க கொட்டு."

"பெருக்கின எடத்துலயா சார்?"

"கொட்டும்மா."

கொட்டினாள். தலைமுடி, வெங்காயச் சருகு, ஒரு சட்டைப் பட்டன். ஸ்டீபன்ராஜ் ஒரு குச்சியால் கிளறினார். பிறகு நிமிர்ந்து, ஆபீஸில் கணக்கர்களைப் பார்க்கிற அதே பார்வையால் அவளைப் பார்த்தார்.

"நான் யாரையும் சொல்லல. எடுத்தவங்க நாளைக்குள்ள டப்பாவுல போட்டுட்டா, நான் எதுவும் கேக்க மாட்டேன்."

பொன்னுத்தாய்க்கு முகம் சுண்டிப்போயிற்று. கொட்டின குப்பையை மறுபடி பெருக்க ஆரம்பித்தாள். அவள் போனதும் பெலிண்டா பிடிபிடி என்று பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? அவ மனசு நொந்து நின்னுட்டான்னா என் கதி என்ன? இந்தத் தென்னூர்ல இவளை மாதிரி ஒருத்தி கிடைப்பாளா?"

"நான் அவளைச் சொல்லலையே."

"வீட்ல இருக்கறது மூணு பேரு. அதுல நீங்க எடுக்கல. அப்ப நானா?"

ஸ்டீபன்ராஜ் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனையைப் பார்த்ததும் பெலிண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

சாயந்தரம் அவர் வந்து டப்பாவைத் திறந்து எண்ணினார். இன்னும் ஒன்று குறைந்திருந்தது! மிரட்டியும் எடுத்திருக்கிறாள் என்றால் என்ன நெஞ்சழுத்தம்! மறுநாள் காலை பொன்னுத்தாய் வாசல்படி ஏறும் முன்பே பிடித்துக்கொண்டார்.

"பொன்னுத்தாயி, போலீஸ்ல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. அவ்வளவுதான் சொல்வேன்."

"சார், மாரியாத்தா சத்தியமா..."

"சத்தியமெல்லாம் வேணாம். வளையம் வந்தாப் போதும்."

வளையம் வந்தது. மறுநாள் அவர் டப்பாவை எண்ணியபோது, குறைந்தவை எல்லாம் வந்திருந்தன. அது மட்டுமில்லை. குறைந்ததைவிட அதிகமாகவே வந்திருந்தன. வேறு யாராக இருந்தாலும் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். ஸ்டீபன்ராஜ் துள்ளி எழுந்தார்.

"பெலிண்டா! பாத்தியா? திருப்பிப் போட்டது நான் கண்டுபிடிச்சதைவிட ஜாஸ்தி! அப்படின்னா நான் எண்றதுக்கு முன்னாடியே அமுக்கியிருக்கா!"

பெலிண்டா ஏதோ சொல்ல வாயெடுத்து, அவருடைய முகத்தைப் பார்த்து, மென்று விழுங்கிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, வாஷிங் மிஷினைச் சுத்தம் செய்த பொன்னுத்தாய் கையில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தாள். ஈர நூலும் பஞ்சுமாக, நடுவில் ஏழெட்டு வெள்ளி வளையங்கள். "சார், இது மிஷின் ஜல்லடையில கெடந்துச்சுங்க. உங்க லுங்கி மடிப்புல விழுந்து அப்படியே தொவைக்கப் போயிருக்கும் போல."

ஸ்டீபன்ராஜ் வளையங்களை வாங்கிக்கொண்டு, அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து, பெலிண்டாவின் காதோரம் குனிந்தார். "ரெண்டாவது தவணை. இன்னும் எவ்வளவு வெச்சிருக்காளோ!"

எல்லா வளையங்களையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்தார். நன்றாகத்தான் வந்தது. சொல்லப்போனால் நடுவில் ஓரிடத்தில் வளையங்கள் அச்சில் வார்த்தது போல அழகான உருண்டையாக இருந்தன. கை பழகிவிட்டது என்று அவரே அவரை மெச்சிக்கொண்டார். இனி ஒவ்வொரு வளையத்தின் வாயையும் வெங்காரம் தடவி, ஒட்டுகிற பொடி வைத்து, நெருப்பில் காட்டிப் பற்ற வைக்க வேண்டும். அடுப்பை முழுசாகத் திறந்து, முதல் வளையத்தை இடுக்கியால் பிடித்துக் காட்டினார். வளையம் சிவந்தது, குனிந்தது, சொட்டென்று ஒரு மிளகாக உருண்டு பால் பாத்திரத்தில் விழுந்தது.

ஞானஸ்நானத்துக்கு இன்னும் இரண்டே நாள்தான். வேறு வழி? மிளகு உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மறுபடி ஸ்ரீரங்கம் போனார்.

"பத்த வைக்கறது மட்டும் நீங்க. என் கண்ணு முன்னாடி," என்றார்.

"எடையைப் போட்டுடலாம் சார். அப்புறம் என் வாயைத் திறக்க வேண்டாம் பாருங்க," என்று சொல்லி, ரங்கசாமி தராசில் வைத்தார். முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "சார், நான் குடுத்த கம்பியைவிட ஒம்போது கிராம் கூட இருக்கே."

"உங்க தராசு சரியில்ல."

"அன்னிக்குக் குறைஞ்சப்ப தராசு சரியா இருந்துச்சுங்களே." ரங்கசாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நாப்பது வருஷமா இந்த நெருப்புக்கிட்ட உக்காந்திருக்கேன். எங்க கையில வெள்ளி தேயும். உங்க வீட்ல குட்டி போடுது. அந்த வீடியோவை எனக்கும் கொஞ்சம் காட்டுங்க சார்."

ஸ்டீபன்ராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. ரங்கசாமி பற்றவைத்து, புளி போட்டு அலசி, பளபளவென்று கையில் கொடுத்த சங்கிலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் நேரே சமையலறைக்குள் போனார். பெலிண்டாவும் பொன்னுத்தாயும் சேர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"சங்கிலியில ஒம்போது கிராம் கூட இருக்கு. எப்படி?"

பெலிண்டா கீரையைக் கீழே வைத்தாள். "நான்தாங்க போட்டேன்."

"நீயா!"

"இவளை விரட்டிடுவீங்கன்னு பயந்து, அன்னிக்கு ஒரு வளையத்தை மாதிரிக்கு எடுத்துட்டு சின்னக்கடை வீதிக்குப் போனேன். அதே மாதிரி பத்து வாங்கிட்டு வந்து போட்டேன். நான் எடுத்துட்டுப் போன அந்த ஒண்ணுக்கும் சேத்து நீங்க இவளைத்தான் மெரட்டினீங்க."

"அக்கா!" பொன்னுத்தாய் வாயில் கையை வைத்தாள். "நீங்களும் போட்டீங்களா? நானும் போட்டேனே!"

"நீ எங்க போய் வாங்கின?"

"வாங்கலக்கா. எம் பேரன் காப்பு ஒண்ணு நெளிஞ்சு கெடந்துச்சு. எங்க வீட்டுக்காரரு மோட்டார் காயில் கட்றவருல்ல? அவருகிட்ட குடுத்தேன். பொழுதுக்குள்ள சுத்தி, அறுத்துக் குடுத்துட்டாரு. போலீஸுன்னு சொன்னதும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சுக்கா."

அச்சில் வார்த்தது போல இருந்த அந்த நடுப்பகுதி யாருடைய கைவேலை என்று ஸ்டீபன்ராஜுக்கு இப்போது புரிந்தது. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு வெட்கமாக இருந்தது. பேரனுடைய காப்பை அறுக்க வைத்துவிட்டோமே என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பொன்னுத்தாயி, தப்பு என்னோடதும்மா. மன்னிச்சுக்க. உன் வெள்ளியைப் பிரிச்சு எடுத்துக்க."

"வேணாங்க சார். கொழந்தைக்குன்னு போட்டத எடுக்கக் கூடாது. நல்லா இருக்கட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா இனிமே குப்பையைக் கொட்டச் சொல்லாதீங்க. அதான் மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"லிசி கேட்டா நடந்ததை நடந்தபடி சொல்லிடுங்க," என்றாள் பெலிண்டா. "உங்க மானம் கொஞ்சம் போகும். போனாப் போகட்டும்."

"சொல்லிடறேன்," என்றார் ஸ்டீபன்ராஜ். மனசார‌த்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானஸ்நானம் முடிந்து, பாலக்கரையில் லிசியின் வீட்டில் பிரியாணி. வீடு நிறைய சொந்தக்காரர்கள். ஸ்டீபன்ராஜ் குழந்தையை மடியில் வாங்கி, இடுப்பில் சங்கிலியைக் கட்டினார். கொக்கி மாட்டும்போது குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. இந்த விரலை விடாமல் இருந்தால் போதும் சாமி என்று அவருக்குக் கண் கலங்கியது.

"அழகா இருக்கே. எந்தக் கடை?" என்று கேட்டாள் லிசியின் மாமியார் அக்னஸ்.

"அண்ணனே கையால பண்ணியிருக்காங்க அத்தை," என்றாள் லிசி. "எங்க, ஒரு நிமிஷம் கழட்டிக் குடுண்ணே. சும்மா ஒரு ஆசைக்கு."

கேக் தராசு தயாராகவே வெளியில் வந்தது. லிசி சங்கிலியை வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். போனை எடுத்துப் பழைய போட்டோவைப் பார்த்தாள். மறுபடி தராசைப் பார்த்தாள்.

"அண்ணே... அம்மா கொலுசைவிட ஏழு கிராம் கூட இருக்குண்ணே!" அப்படியே வந்து அவர் தோளில் சாய்ந்து அழுதாள். "நான் பாவிண்ணே. நீ கொஞ்சம் எடுத்துப்பேன்னு நெனைச்சேன். பத்து நாளா அதையேதான் நெனைச்சிட்டிருந்தேன்."

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஸ்டீபன்ராஜைப் பார்த்தார்கள். தணிக்கைத் துறையில் இத்தனை வருஷத்தில் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. நெஞ்சு நிமிர்ந்தது. பெலிண்டா மெல்ல இடுப்பில் கிள்ளினாள், சொல்லுங்க என்று. அவரும் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

அதற்குள் அக்னஸ் சங்கிலியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "கூடுதலா இருக்குன்னா வேற என்னமோ கலந்திருக்குன்னுதானே அர்த்தம்? யாரு வீட்டு வெள்ளியோ, என்ன கலப்படமோ. பச்சப்புள்ள இடுப்புல கட்றது பாருங்க."

லிசியின் அழுகை சட்டென்று நின்றது. தோளிலிருந்து தலையைத் தூக்கி, அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பழைய பார்வை. அந்தப் பார்வை திரும்பி வருவதை ஸ்டீபன்ராஜால் தாங்க முடியவில்லை.

"கலப்படமா! என்ன பேசறீங்க?" என்று குரலை உயர்த்தினார். "வெளியில குடுத்தா குறையும், கலக்கும். அதுக்குத்தானே நானே உக்காந்து பண்ணினேன். இதுல வேற வீட்டு வெள்ளி ஒரு தூசி கிடையாது. அம்மா மேல ஆணையாச் சொல்றேன், இதுல இருக்கறது முழுக்க முழுக்க எங்க அம்மாவோட வெள்ளி மட்டும்தான்!"

பெலிண்டா கண்ணை மூடிக்கொண்டாள். லிசி மறுபடி அண்ணன் தோளில் சாய்ந்தாள். அக்னஸ் சங்கிலியை மறுபடி தராசில் வைத்தாள். கூடம் முழுக்க ஒரு நிம்மதியான சலசலப்பு எழுந்தது.

லிசியின் புருஷன் ஜூட் அதிகம் பேசாத மனுஷன். ஓரமாக உட்கார்ந்து, அதுவரை பிரியாணியைத் தவிர வேறு எதிலும் தலையிடாமல் இருந்தார். எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, தராசில் மின்னிய எண்ணையும் லிசியின் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அப்படின்னா மச்சான், அன்னிக்கு எங்க கண்ணுல காட்டாம எடுத்து வெச்சுக்கிட்ட அம்மா வெள்ளி இன்னும் எவ்வளவு இருக்கு?"